குத்தி இழு

நான் அபிராமத்துக்காரன். பெயர் குருநாதன். பாம்பன் ஸ்டேஷனில் போர்ட்டர் வேலை. எனக்குக் கடல் தெரியாது, நீச்சல் தெரியாது, மீனில் முள் எடுக்கக்கூடத் தெரியாது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதப்போவது இன்னாசி என்ற கடற்கரைக்காரரைப் பற்றி. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் அந்தக் கரையில் இருபது பேராவது இருப்பார்கள். ஆனால் ஒருவரும் எழுத மாட்டார்கள். பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவார்கள். எழுதச் சொன்னால் கிழிந்த வலையைப் பொத்தப் போய்விடுவார்கள்.

இன்னாசி என்னைவிட நாலு வயது மூத்தவர். பாம்பனுக்கு வடக்கே, பெண்கடல் என்று சொல்லும் அமைதியான கடலின் ஓரத்தில் ஒரு சின்னக் குப்பம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இரண்டு தெருக்காரர்களும் என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். அங்கே அவர் கரைவலை இழுக்கிறவர். படகில் போய்க் கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இருபது முப்பது பேர் இழுப்பதுதான் கரைவலை. பத்து வயதில் கயிற்றைத் தொட்டவர் அவர். கை நீளும், கயிற்றைப் பற்றும், உடம்பு மொத்தமும் இழுக்கும், கால் ஒரு எட்டு பின்னால் போகும். மறுபடியும் கை நீளும். நடுவில் வெளியூரில் இருந்த கொஞ்ச காலம் தவிர, இப்படி இருபத்திரண்டு வருஷம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளாததால்தான் அவ்வளவு பாடும் வந்தது.

குப்பத்தில் புனித யாகப்பர் கோவில் உண்டு. ஆடியில் திருவிழா. புனிதரைச் சப்பரத்தில் வைத்து, இரண்டு நீளத் தண்டுகளில் தோள் கொடுத்து, வீடு வீடாகத் தூக்கி வருவார்கள். முன்னால் தோள் கொடுப்பவர்களுக்குத்தான் மரியாதை. ஒவ்வொரு வாசலிலும் அவர்கள் காலில்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். பின்னால் தூக்குகிறவர்களுக்குப் புழுதிதான். இன்னாசியின் அய்யா, மேலத்தெருவுக்காக, வலது தண்டின் முன்பக்கத்தை இருபத்திரண்டு வருஷம் தூக்கியவர்.

நாற்பத்தேழாம் வருஷத் திருவிழாவில் அய்யாவின் தோள் இறங்கிவிட்டது. அந்த இடத்தில் நிற்க வேண்டிய மகன் கடலுக்கு அந்தப் பக்கம், தலைமன்னாரில், கருவாடு போடும் வாடியில் வேலை செய்துகொண்டிருந்தார். பாதித் தெருவில் சப்பரம் சாயப் பார்த்தது. கீழத்தெருக்காரர்கள் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் அதன்பிறகு எடுக்கவில்லை. முன்பக்கம் இரண்டு தண்டும் அவர்களுக்கே என்று ஆகிவிட்டது. இன்னாசி ஊர் திரும்பிய நாளிலிருந்து அய்யா அவரிடம் சொன்னதெல்லாம் ஒரே வாக்கியம்தான். "நீ ஊர்ல இருந்திருந்தா அந்தத் தண்டு போயிருக்காதுலே." சாப்பிடும்போது சொல்வார், வலை காயப்போடும்போது சொல்வார், பூசைக்குப் போகும் வழியில் சொல்வார். நாலு வருஷம் சொன்னார். இதற்குள் அவருக்குக் கண்ணும் மங்கிவிட்டது. அய்யா இருக்கும்போதே ஒரு தடவை அந்த முன்தண்டில் தோள் வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர இன்னாசிக்கு வேறு ஆசையே இல்லை.

ஐம்பதாம் வருஷம் தண்டுக்காக இரண்டு தெருவும் மோதிக்கொண்டன. துடுப்பெல்லாம் ஒடிந்தது. யாகப்பர் மத்தியானம் வரைக்கும் நடுத்தெருவில் வெயிலில் நின்றார். பங்குச் சாமியார் கொதித்துப் போய்விட்டார். மறுவருஷம் ஒருநாள் அவர் மதுரை வண்டிக்காக ஸ்டேஷனில் காத்திருந்தபோது, இந்த வருஷம் சப்பரமே கிடையாது என்று என்னிடம் புலம்பினார். நான் சும்மா இருந்திருக்கலாம். தெருவுக்கு ஒரு ஆளாக நிறுத்தி, பட்டாளத்தில் செய்வதுபோல ஒழுங்காக மூன்று ரவுண்டு குத்துச்சண்டை விடுங்கள் சாமி, ஜெயித்த தெரு முன்னால் தூக்கட்டும் என்றேன். சாமியாருக்கு அது பிடித்துவிட்டது. யார் கற்றுக்கொடுப்பது என்று கேட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நான் பட்டாளத்தில் இருந்தவன், ரெஜிமெண்டில் பாக்ஸிங் சாம்பியன் என்று பாம்பன் முழுக்கத் தெரியும். டீக்கடையில் நானே சொன்னதுதான். அது பச்சைப் பொய். சண்டைக்காரர்களுக்கு நான் வாளி தூக்கினேன். மூன்று வருஷம் மேடை மூலையில் தண்ணீர் வாளியும் துண்டுமாக நின்றவன். யாரையும் ஒரு குத்துகூடக் குத்தியதில்லை. ஆனால் பயிற்சி கொடுத்த சுபேதார் சொன்னதெல்லாம் அட்சரம் பிசகாமல் காதில் இருந்தது. ஊர் திரும்பும்போது ஒரு ஜோடி கிளவுஸும் கொண்டுவந்திருந்தேன். அது போதும் என்று நினைத்தேன்.

மேலத்தெரு இன்னாசியை நிறுத்தியது. கீழத்தெரு சவேரியாரை நிறுத்தியது. இந்தச் சவேரியார் யார் என்றால், இன்னாசியின் மனைவி யாகப்பம்மாளுடைய சொந்த அண்ணன். துடுப்புச் சண்டைக்குப் பிறகு மச்சானும் மச்சானும் பேச்சு வார்த்தை இல்லை. யாகப்பம்மாள் மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தாள். போக வேண்டாம் என்று அவளிடம் சொல்ல இரண்டு தெருவிலும் ஆண்பிள்ளை இல்லை.

ஒரு ஜோடி கிளவுஸ் இருந்தது, இன்னொரு ஜோடி வேண்டும். யாகப்பம்மாளே தைக்கிறேன் என்றாள். படகின் பழைய பாய்த்துணியை வெட்டி, உள்ளே இலவம்பஞ்சு வைத்துத் தைப்பதாக ஏற்பாடு. சீட்டுப் போட்டு யாருக்கு எது விழும் என்று தெரியாது. அதனால் இரண்டு பேர் கைக்கும் பொருந்த வேண்டும். புருஷன் கையை நூலால் அளந்தாள். அதே நூலை எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்குப் போய் அண்ணன் கையையும் அளந்து வந்தாள். எதிராளி வீட்டுக்குப் போவது சரியில்லை என்று நான் முறைத்தேன். "அளவில்லாம தச்சா அது கிளவுஸ் இல்லண்ணே, தலகாணி" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

பாடம் தொடங்கியது. கரையோரத்து உடைமரத்தில் மணலும் தவிடும் அடைத்த சாக்கைத் தொங்கவிட்டேன். முதலில் முஷ்டி. நாலு விரலையும் இறுக மடக்கி, கட்டைவிரலை வெளியே குறுக்காகப் போட வேண்டும்; உள்ளே வைத்துக் குத்தினால் ஒடியும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மொளிதான் பட வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. இடது கால் முன்னே, வலது கால் பின்னே. குத்து கையில் இல்லை, குதிகாலில் இருக்கிறது. குதிகால் எழும்பி, இடுப்பு திரும்பி, தோள் வந்து, கடைசியில்தான் கை வரும். குத்தியதும் கையைச் சட்டென்று தாடைக்குத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வோம். சுபேதார் இதையெல்லாம் இந்தியில் நீட்டி முழக்குவார். நான் தமிழில் சுருக்கி, "குத்தி இழு" என்று சொல்லிக்கொடுத்தேன். என் புத்தி கெட்டது அங்கேதான்.

இன்னாசி குத்தினார். நல்ல வேகம். சாக்குக்கு நாலு விரற்கடை இருக்கும்போது முஷ்டி தானாகத் திறந்தது. கை சாக்கைக் கொத்தாகப் பிடித்தது. நான் "இழு" என்றேன். அவர் இழுத்தார். சாக்கு மொத்தமும் வந்து அவர் மூக்கில் மோதியது. கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் அதை அப்படியே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

முதல் நாள்தானே என்று விட்டேன். இரண்டாம் நாளும் அதுவே. கிளவுஸ் மாட்டினால் பிடிக்க முடியாது என்று அவருக்கு மாட்டிவிட்டுப் பார்த்தேன். பிடிக்கவில்லை, ஆனால் சாக்கைத் தொட்டும் தொடாததுமாகக் கை பின்னால் வந்துவிட்டது. அதோடு ஒவ்வொரு குத்துக்கும் ஒரு எட்டு பின்னால் போனார். சாக்கை விட்டுவிட்டு வெறும் காற்றில் குத்தச் சொன்னேன். இருபது குத்து குத்துவதற்குள் கணுக்கால் தண்ணீரில் நின்றார். அவரைக் கடலிலிருந்து வெளியே கூப்பிடுவதுதான் எனக்கு அடுத்த வேலையாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது. ஆனால் மூத்தவர், மரியாதையாகத்தான் திட்ட வேண்டும்.

"அண்ணே, நீங்க குத்துறீங்களா, இல்ல சாக்கைக் கரை சேக்குறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மூக்கைத் தடவிக்கொண்டு, "நீதான இழுங்குற" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? எனக்கு உறைக்கவில்லை. இன்னும் சத்தமாக "குத்தி இழு, குத்தி இழு" என்று கத்தினேன். அவரும் இன்னும் பலமாக இழுத்தார். இரண்டு வாரம் இப்படியே போனது. என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். வாளி தூக்கியவன் என்ற உண்மை வெளியே வந்துவிடுமே என்று டீக்கடைப் பக்கம் போவதையே விட்டேன். யாகப்பம்மாள் தினமும் மரத்தடியில் உட்கார்ந்து பாய்த்துணியைத் தைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஒரு பதில் வைத்திருப்பவள் இதற்கு மட்டும் ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சண்டைக்கு எட்டு நாள் இருக்கும்போது அய்யா கரைக்கு வந்தார். கண் சரியாகத் தெரியாததால் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். மகன் பத்துப் பதினைந்து தடவை குத்தினார். அய்யா, சாக்குச் சத்தத்தையே காணோமே என்றார். பிறகு அந்த வாக்கியத்தைத் தொடங்கினார். "நீ ஊர்ல இருந்திருந்தா..." பாதியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார். முழுவதும் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. இன்னாசி கிளவுஸைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படிச் சுருங்கி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

யாகப்பம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்து வந்தாள். முதலில் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இழு இழுங்கிறீங்க, அவரு இழுக்குறாரு. இந்தக் கரையில அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் கிடையாது. பொறந்ததுலேருந்து அதக் கேட்டா உடம்பு பின்னாலதான் போகும்."

அவள் புருஷனிடம் திரும்பி, எழுந்திருக்கச் சொன்னாள். வலது கையை மறந்துவிடுங்கள் என்றாள். கயிறு இடது கையில் இருக்கிறது என்று நினைத்து, அதைத் தாடைக்கு இழுக்கச் சொன்னாள்.

"இடது இழுக்கட்டும். வலது அடுத்த பிடிக்குத் தானாப் போகும். பிடி சாக்குல இல்ல. சாக்குக்கு அங்கிட்டு ஒரு முழம் தள்ளி இருக்கு. அதப் போயிப் பிடிங்க."

கையைப் பிடியாகவே மூடிக்கொண்டு போக வேண்டும், வலது குதிகாலை மணலில் புதைக்காமல் தூக்க வேண்டும் என்றும் சொன்னாள். இன்னாசி கிளவுஸை மாட்டிக்கொண்டு அரை நிமிஷம் சாக்கைப் பார்த்தார். "இழு" என்றாள் அவள். இடது கை தாடைக்கு வந்தது. இடுப்பு திரும்பியது. வலது கை போனது. உடைமரம் ஒரு ஆட்டம் ஆடியது. சாக்கு தையல் விட்டு, மணல் கொட்டத் தொடங்கியது. வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்த அய்யா நின்று, சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்பினார்.

சுபேதார் மூன்று வருஷத்தில் எனக்கு விளங்கவைக்காததை அவள் அரை நிமிஷத்தில் விளங்கவைத்துவிட்டாள். ஒரு கை உள்ளே வருவதால்தான் மறு கை வெளியே போகிறது. முதல் நாளே தெரிந்திருந்ததா என்று கேட்டேன். முதல் குத்திலேயே தெரிந்தது என்றாள். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று எகிறினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்தக் குத்து எங்கே போய்ப் படும் என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அண்ணன் முகத்தில்தான். பஞ்சு அமுங்கிவிட்டது, அண்ணன் கையை மறுபடியும் அளக்க வேண்டும் என்று சொல்லி, அன்று மாலையே நூலை எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனாள். அடுத்த நாளும் போனாள்.

சண்டை திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், கோவில் முற்றத்து மணலில் நடந்தது. நாலு துடுப்பை நட்டு, கரைவலைக் கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சீட்டில் பட்டாளத்துக் கிளவுஸ் சவேரியாருக்கு விழுந்தது, பாய்த்துணி இன்னாசிக்கு. நடுவர் சாமியார்தான். என் மூலையில் ஒரு வாளி, ஒரு துண்டு. எனக்கு மனசு குளிர்ந்திருந்தது. சவேரியாரும் பிறந்ததிலிருந்து கயிறு இழுக்கிறவர்தானே. அவரும் பின்னால் பின்னால் போவார், நம் ஆள் முன்னால் போவார், முதல் ரவுண்டிலேயே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மணி அடித்தது. இரண்டு பேரும் சுற்றி வந்தார்கள். இன்னாசியின் இடது கை தாடைக்கு வந்ததைப் பார்த்தேன். வலது போனது. சவேரியாரின் இடது கன்னத்தில் பட்டு, அவர் மணலில் உட்கார்ந்தார். மேலத்தெரு கூரை பறக்கக் கத்தியது. சாமியார் பத்து எண்ணி முடித்தால் தோல்வி; ஆறு எண்ணும்போதே சவேரியார் எழுந்துவிட்டார். எழுந்தவர் தலையை உலுக்கிக்கொண்டு நின்றார். வலது குதிகால் எழும்பியது. இடது கை தாடைக்கு வந்தது. அடுத்த நொடி இன்னாசி உட்கார்ந்திருந்தார்.

அது எங்கள் குத்து. அதே குதிகால், அதே இடுப்பு, சாக்குக்கு அங்கிட்டு ஒரு முழம். பெண்கள் நிற்கும் பக்கம் பார்த்தேன். யாகப்பம்மாள் கோவில் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் ரவுண்டில் ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள், இரண்டு வாங்கினார்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் நான் தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்து, கை பிடித்துவிட்டு அனுப்பினேன். மூன்றாவதில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடதை இழுத்தார்கள். ஒரே நேரத்தில் வலது போனது. எதிரும் புதிருமாக இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். சாமியார் யாருக்கு எண்ணுவது என்று தெரியாமல் இவரைப் பார்த்து ஒன்று, அவரைப் பார்த்து இரண்டு என்று எண்ணினார். உட்கார்ந்தபடியே சவேரியார் கேட்டார்.

"யாரு சொல்லிக் குடுத்தா மச்சான்?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. இன்னாசி பெண்கள் பக்கம் தலையைத் திருப்பினார். சவேரியாரும் அதே பக்கம் திருப்பினார். பிறகு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடியும் விழப் பார்த்தார்கள். எட்டு எண்ணியிருந்த சாமியார் கையை உதறிவிட்டு, சமம் என்று அறிவித்தார். முன்பக்கம் தெருவுக்கு ஒரு தண்டு என்றார். வலது தண்டு அய்யா தூக்கியது, அதை மச்சான் பிடிக்கட்டும் என்று சவேரியாரே சொன்னார்.

நான் நேராக யாகப்பம்மாளிடம் போனேன். நம்ப வைத்து இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன்.

"அவரு எனக்குத் தாலி கட்டுனவரு. எங்க அண்ணன் எங்கூடப் பொறந்தவன். ஒருத்தன் மட்டும் அடி வாங்குனா, நான் எந்த வீட்டுல போயிக் கஞ்சி குடிக்கிறது?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க வாளி தூக்குன அழகப் பாத்தேண்ணே. அதுல உங்கள அடிச்சுக்க ஆளு இல்ல. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

சொல்லவும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நானாக இப்போது எழுதும் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

திருவிழாவன்று வெயில் தாழ்ந்ததும் சப்பரம் கிளம்பியது. முன்னால் வலது தண்டில் இன்னாசி, இடது தண்டில் சவேரியார். இரண்டு பேருக்கும் இடது கன்னம் பணியாரம் போல வீங்கியிருந்தது. நான் சாமியாருக்குப் பின்னால் தோளில் துண்டோடு நடந்தேன். வீடு வீடாக நின்று, கடைசியில் அய்யாவின் வாசலுக்கு வந்தது. அய்யா செம்புத் தண்ணீரோடு நின்றிருந்தார். மகன் காலில் ஊற்றினார். பிறகு கையை நீட்டி, தண்டின் முனையைத் தேடிப் பிடித்தார். தண்டிலிருந்து தோள், தோளிலிருந்து கன்னம். வீக்கத்தில் விரல் பட்டதும் இன்னாசி முகத்தைச் சுளித்தார். யார் அடித்தது என்று அய்யா கேட்டார். மச்சான் என்றார் மகன்.

அய்யா அந்தப் பக்கம் தடவிக்கொண்டே போய்ச் சவேரியாரின் கன்னத்தையும் தொட்டுப் பார்த்தார். அதே இடம், அதே வீக்கம். இது யார் அடித்தது என்று கேட்டார். மச்சான் என்றார் சவேரியார். கிழவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மகனிடம் திரும்பி வந்து, தண்டின்மேல் இருந்த அவர் கையின்மேல் தன் கையை வைத்தார். நாலு வருஷமாகச் சொன்னதைத்தான் சொல்லப்போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் பக்கென்றது.

"ஊர்லதான்லே இருக்க" என்றார்.

இன்னாசியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை. இரண்டு கையும் தண்டில் இருந்தன. நான்தான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது.